ஆசாரியர் சொல்லாத ஒன்பது வரிகள்

அத்தியாயம் பதினொன்று

இரண்டாயிரத்துப் பதினைந்தாம் ஆண்டு மார்ச் மாதம் பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடத்தில் நிலைமை பின்வருமாறு இருந்தது. ஆசாரியரின் உரைநூலில் எட்டாவது ஃபாரம், அதாவது நூற்றுப் பதின்மூன்றாம் பக்கம் முதல் நூற்று இருபத்தெட்டாம் பக்கம் வரை, தம்பியின் அச்சகத்தில் மாலை நான்கு மணிக்கு இயந்திரத்தில் ஏறவிருந்தது. ஆறு மணிக்கு, வியாழன்தோறும் உரை நடக்கும் கூடத்தில், அப்பா அதே பகுதியைச் சொல்லவிருந்தார். நூற்றுப் பதினேழாம் பக்கத்தில் ஒன்பது வரிகள் ஆசாரியரின் வாயிலிருந்து வந்தவை அல்ல. இதை அறிந்தவள் உலகத்தில் ஒருத்தி மட்டுமே. அவள் அப்போது சமையலறையில் நின்று, பொங்கி வழிந்த பாலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

முன் அத்தியாயங்களைப் படிக்காதவர்கள் இவ்வளவு தெரிந்துகொண்டால் போதும். அப்பா தபால் நிலையத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்தவர். அதைவிடப் பெரிய வேலையாக, ஏழு ஆண்டுகள் ஆசாரியரின் காலடியில் அமர்ந்து பாசுரங்களுக்குப் பொருள் கேட்டவர். ஆசாரியர் ஒரு வரிகூட எழுதி வைத்தவர் அல்லர். கடைசி இரண்டு ஆண்டுகளில் அவர் சொன்னவை மட்டும் நாற்பத்திரண்டு ஒலிநாடாக்களில் தங்கின. அப்பாவுக்குக் கண் மங்கிய பிறகு, அவற்றைக் கேட்டு, தட்டச்சு செய்து, அப்பாவுக்குப் படித்துக் காட்டும் பொறுப்பு மூத்த மகளுக்கு வந்தது. அவள் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். பிறர் பேசியதைப் பேசியபடியே எழுதுவதில் இருபத்தெட்டு ஆண்டு அனுபவம். நீதிபதியின் இருமலைக்கூட விடமாட்டாள் என்று அலுவலகத்தில் கேலி உண்டு.

அந்த மரபில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. ஆசாரியர் தம் ஆசாரியரிடம் கேட்டதைச் சொன்னார். அவர் தம்முடையவரிடம் கேட்டதைச் சொன்னார். பின்னோக்கிப் போனால் அந்தச் சங்கிலி பாசுரம் பாடியவர் வரை போகும். நடுவில் நிற்கும் ஒருவர் தம் சரக்கைச் சேர்த்தால் அந்த இடத்தில் சங்கிலி அறும். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கணக்கு வாத்தியார், தாமே யோசித்த உவமை ஒன்றை ஆசாரியர் பெயரில் கூடத்தில் சொல்லிவிட்டார். கேட்டவர்கள் சொக்கிப்போனார்கள். அப்பா மறுநாள் அவரை அழைத்தார்.

"உவமை ரொம்ப நல்லா இருந்துச்சு. இனிமே நீங்க கேக்கற பக்கம் உட்காருங்க" என்றார்.

வாத்தியார் இன்றுவரை கேட்கிற பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

ஏழரை மணிக்குத் தம்பி வந்தான். தலைக்கவசத்தைக் கழற்றாமலே கையை நீட்டினான்.

"அக்கா, புரூஃப்ல கையெழுத்துப் போட்டாச்சா? மெஷின்காரர் என் உயிரை வாங்கறார்."

அவள் அவனைத் தோளைப் பிடித்து வாசலுக்கு வெளியே, லிஃப்ட் அருகில் தள்ளிக்கொண்டு போனாள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அப்பா மாலை உரைக்காகத் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டிருந்தது மூன்றாம் மாடி முழுவதும் கேட்டது.

"பிடித்த கை தளரத்தான் செய்யும், அது கையின் இயல்பு. நீ பிடித்துக்கொண்டிருந்ததாக எண்ணிய நாள்களிலும் பிடித்திருந்தவன் அவனே. உன் விரல்கள் நோவதைக் கண்டு அவனே அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான். விழுந்தாய் என்று நினைக்கிறாய். நீ விழவில்லை, இறக்கிவைக்கப்பட்டாய்..."

"இது ஆசாரியர் சொன்னது இல்லை" என்றாள்.

"எது?"

"இப்ப அப்பா சொல்லிட்டிருக்காரே, அது. ஒன்பது வரி."

"பின்ன யார் சொன்னது?"

"நான்."

தம்பி சிரிக்கத் தொடங்கினான். அக்காவின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினான்.

அவள் சொன்னாள். பத்தொன்பதாம் நாடாவில், 'பிடித்தவன் கை தளர்ந்தால் அவன் கதி என்ன?' என்று யாரோ கேட்கிறார்கள். 'அதற்கு என்ன பதில் என்றால்' என்று ஆசாரியர் தொடங்குகிறார். அந்த இடத்தில் நாடா தீர்ந்துவிடுகிறது. மறுபக்கம் வேறொரு பாசுரத்தின் நடுவில் ஆரம்பிக்கிறது. பதினோரு ஆண்டுகளுக்கு முன், அம்மா போய் இருபதாம் நாள், அப்பா அந்தப் பகுதியைப் படிக்கச் சொன்னார். சோற்றைத் தொடாமல், கூடத்திற்குப் போகாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்த நாள்கள் அவை.

"படிச்சுட்டே வந்தேன். அந்த இடம் வந்துச்சு. 'அப்புறம் என்ன சொன்னார், படிம்மா'ன்னார். நாடா தீர்ந்துபோச்சுன்னு சொல்ல வாய் வரலை. வாய் பாட்டுக்கு மேலே படிச்சுட்டே போச்சு. தாள்ல ஒண்ணும் இல்லை."

"அப்பா?"

"அழுதார். 'ஆமா, இதைத்தான் சொன்னார், எனக்கு ஞாபகம் வருது'ன்னார். அன்னைக்கு ராத்திரி சாப்பிட்டார். மறுநாள் அதைத் தட்டச்சு பண்ணி வைன்னார். பண்ணேன்."

தம்பி லிஃப்டின் பொத்தானை அழுத்தினான். அழுத்தியதை மறந்து நின்றான். லிஃப்ட் வந்து, திறந்து, மூடிக்கொண்டு போயிற்று.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"இப்ப உனக்கும்."

"எனக்குத் தெரியாது. ஹெல்மெட் போட்டிருந்தேன், காது அடைச்சிருந்துச்சு."

"தம்பி."

"என்ன தம்பி? கணக்கு வாத்தியாருக்கு என்ன நடந்துச்சுன்னு எனக்கும் தெரியும். அப்பா பதினோரு வருஷமா அந்த ஒன்பது வரியைத் தன் வாயால சொல்லிட்டிருக்கார். விஷயம் தெரிஞ்சா வேற யாரையும் இல்லை, தன்னைத்தான் இறக்கி உட்கார வைப்பார். எழுபத்தெட்டு வயசு. கூடத்துல உரை சொல்ற அந்த நாற்காலியை விட்டு இறங்கினா மறுபடியும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துப்பார். அப்புறம் உன் மனசாட்சியை நீயே தாலாட்டித் தூங்க வை."

அவள் பதினோரு ஆண்டுகளாக அஞ்சியதும் அதுதான். அவன் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. பேச்சில் இருந்தவரை அந்த வரிகள் காற்றோடு போகும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடிந்தது. சென்ற வாரம் அச்செழுத்தில் கண்டபோது, மேலே ஆசாரியரின் பெயரும் கீழே அவளுடைய வாக்கியமுமாக இருந்ததைக் கண்டபோது, அந்தச் சமாதானம் எடுபடவில்லை.

தம்பியின் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. எடுத்துக் கேட்டான். முகம் மாறியது.

"அப்புறம் மாமாதான் பேசினார். புரூஃபைப் படிச்சு முடிச்சுட்டாராம். பதினோரு மணிக்கு அச்சகத்துக்கு வர்றாராம்." குரலைத் தாழ்த்தினான். "உன்னையும் வரச் சொல்றார். நூற்றுப் பதினேழாம் பக்கம் பத்திப் பேசணுமாம்."

அப்புறம் மாமா உறவினர் அல்லர். அப்பாவோடு ஆசாரியரிடம் பாடம் கேட்டவர்களில் இப்போது உயிரோடு இருக்கும் இன்னொருவர்; நில அளவைத் துறையில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். ஆசாரியர் மூச்சு விட நிறுத்தினாலும் 'அப்புறம்?' என்று கேட்பார். ஆசாரியர் வைத்த பெயர் அது. ஊரிலும் அது ஒட்டிக்கொண்டது. அவரும் அப்பாவும் ஒருவரையொருவர் 'சுவாமி' என்றே சொல்லிக்கொள்வார்கள்.

பதினோரு மணிக்குச் சரியாக வந்தார். தம்பியின் கண்ணாடி அறைக்குள் மூவரும் உட்கார்ந்தார்கள். வெளியே இயந்திரம் தடதடத்துக்கொண்டிருந்தது; மைவாசனை மூக்கில் ஏறியது. மாமா புரூஃபை மேசைமேல் வைத்து, நூற்றுப் பதினேழாம் பக்கத்தைத் திறந்து, அதன்மேல் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டார். அவர் கோபமாக இல்லை. அதைக் கண்டதும் அவளுக்குப் பயம் இன்னும் அதிகமாயிற்று.

"அன்னைக்கு டேப் ரிக்கார்டர் என் மடியில இருந்துச்சு" என்றார். "நான்தான் கேசட்டைத் திருப்பினேன். சாதாரணமா, முடியப்போகுதுன்னா கையைத் தூக்குவேன், ஆசாரியர் நிறுத்துவார். அன்னைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டது நான்தான். பதில்ல மனசு போயிருச்சு. கை தூக்கலை. டக்குன்னு சத்தம் கேட்டதும் குனிஞ்சு, பதறி, திருப்பிப் போட்டா அது வேற பக்கமா மாட்டிக்கிச்சு. சரி பண்ணி நிமிர்ந்தா பதில் முடிஞ்சு, அடுத்த பாசுரம். முப்பத்தொரு வருஷம். என் கேள்விக்கு அவர் சொன்ன பதிலை நானே தொலைச்சுட்டேன். உங்க அப்பாகிட்டக்கூடக் கேக்கலை. கேக்க வெட்கம்."

உள்ளங்கையை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார்.

"நேத்து இந்தப் பக்கத்தைப் படிச்சேன். பதில் இருக்கு. ஒரு பிடி சோறு அதிகமாச் சாப்பிட்டேன். எங்க கிடைச்சுது இது?"

அவள் வாயைத் திறப்பதற்குள் தம்பி திறந்துவிட்டான்.

"இன்னொரு கேசட் மாமா. யாரோ தனியாப் பதிவு பண்ணியிருக்காங்க."

"யாரு?"

"அது... பழைய சாமான்ல கிடைச்சுது. பேர் இல்லை."

மாமாவின் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆயிற்று. "அப்படியா. பின் வரிசையில ரெண்டு பேர் மெஷின் வெச்சிருந்தாங்க, இருக்கும். போடு அதை."

"எதை மாமா?"

"அந்தக் கேசட்டைத்தான். அவர் குரல்ல ஒரு தடவை கேட்டுடறேன். எவ்வளவு நேரம் ஆகப்போகுது, ஒரு நிமிஷம். உங்க வீட்டுல இருக்கா, நான் வேணா வரேன்."

தம்பி மேசைமேல் இருந்த ஸ்டேப்ளரை எடுத்து, திறந்து, மூடினான். பொய் சொன்னவன் தவிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தால் பொய் இன்னும் வளரும் என்பதை அவள் நீதிமன்றத்தில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறாள்.

"கேசட் இல்லை மாமா" என்றாள். "அது நான் எழுதினது."

அவர் கேட்டுக்கொண்டார். முழுவதும் சொல்லி முடிக்கும்வரை ஒரு முறைகூட 'அப்புறம்' என்று கேட்கவில்லை. கடைசியில் புரூஃபை மூடினார்.

"அப்ப, போனது போனதுதான்."

"மன்னிச்சுடுங்க மாமா."

"என்கிட்ட என்ன மன்னிப்பு? தொலைச்சவன் நான். தொலைஞ்ச இடத்துல நீ ஒண்ணை வெச்சிருக்கே. வெச்சது நல்ல சரக்கா இருக்கறதாலதான் நான் ஏமாந்தேன்." எழுந்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றார். "சுவாமிகிட்ட நான் சொல்லமாட்டேன். நீ சொல்லணும். ஆறு மணிக்கு நான் முன்வரிசையில இருப்பேன். அவர் அந்த வரியைச் சொன்னா எனக்குத் தலையாட்ட முடியாது. தலையாட்டலைன்னா ஏன்னு கேப்பார். கேட்டா எனக்குப் பொய் வராது."

தம்பி வாசல்வரை அவரைக் கொண்டுபோய் விட்டு வந்தான்.

"நல்லாப் பண்ணே" என்றான், நிமிர்ந்து பாராமல். "நாலு மணிக்கு பிளேட் ஏறும். நீயா ஃபோன் பண்ணி நிறுத்தச் சொல்றவரைக்கும் நான் நிறுத்தமாட்டேன். அப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா, அதையும் நீயே எழுதி வெச்சுக்கோ."

மூன்று மணிக்கு அப்பா எழுந்து முகம் கழுவி, துவைத்த வேட்டி உடுத்து, ஜன்னலோரம் அமர்ந்திருந்தார். வியாழக்கிழமைகளில் அவர் ஐந்து வயது குறைந்தவராகத் தெரிவார். நடையில் ஒரு வேகம் வரும்.

"வாம்மா. இன்னைக்கு அரைநாள் லீவா? அந்தப் பகுதியை ஒரு தடவை படி. ஒரு சொல் மாறிடக் கூடாது."

"படிக்க முடியாது அப்பா."

"ஏன், தொண்டை கட்டியிருக்கா?"

அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். ஐம்பத்தொரு வயதில் தரையில் உட்கார்ந்தது முழங்காலுக்குப் பிடிக்கவில்லை. நீதிமன்றத்தில் சாட்சிகள் சுற்றி வளைப்பதை வெறுப்பவள் ஆதலால், அவளும் சுற்றி வளைக்கவில்லை. நாடா எண்ணைச் சொன்னாள். அது தீர்ந்த இடத்தைச் சொன்னாள். தான் சேர்த்ததைச் சொன்னாள்.

அப்பா ஜன்னல் கம்பியில் விரலால் ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டினார்.

"கேசட்டைப் போடு."

போட்டாள். இரைச்சலுக்கு நடுவே ஆசாரியரின் குரல் வந்தது. கரகரப்பான, அவசரமில்லாத குரல். 'அதற்கு என்ன பதில் என்றால்.' பின்பு ஒரு சொடுக்கு. வெறும் இரைச்சல்.

"இன்னொரு தடவை."

போட்டாள்.

"இன்னொரு தடவை."

மூன்றாம் முறை முடிந்ததும் கையமர்த்தினார்.

"அன்னைக்கு நான் சொன்னேனே, ஞாபகம் வருதுன்னு. வரலைம்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தப் பதிலைக் கேட்டவன்தான் நான். அங்கேயே இருந்தேன். ஆனா ஞாபகத்துல ஒண்ணும் இல்லை. நீ படிச்சப்ப, இப்படித்தான் சொல்லியிருக்கணும், சொல்லியிருந்தா நல்லா இருக்கும்னு தோணிச்சு. உங்க அம்மா போன நேரம். தோணினதை ஞாபகம்னு சொல்லிட்டேன். நீ எழுதினே. நான் சாட்சி சொன்னேன். உங்க கோர்ட்ல எது பெரிய குத்தம்?"

"ரெண்டையும் எழுதி வெச்சுப்போம் அப்பா. தீர்ப்பு எழுதறது என் வேலை இல்லை."

"கெட்டிக்காரி." அவர் சிரிக்கவில்லை. "கணக்கு வாத்தியாரை ஒரே நாள்ல இறக்கிவிட்டேன். ஆறு வருஷமாச் சுவரோரம் உட்கார்ந்திருக்கார், ஒரு வார்த்தை முணுமுணுக்காம."

"அப்பா, நீங்க நாற்காலியை விட்டா..."

"விட்டா? செத்துப்போயிடுவேன்னு உன் தம்பி சொன்னானா? அவன் அவசரக்காரன். எனக்கு அதைவிடப் பெரிய சங்கடம் இருக்கு. அந்த ஒன்பது வரி இல்லாம அந்தப் பாசுரத்தை எப்படிச் சொல்றதுன்னே எனக்கு இப்பத் தெரியலை. பதினோரு வருஷத்துல என் நாக்கு அதுக்கே பழகிடுச்சு."

வெளியே லிஃப்டின் கதவு மூடும் ஓசை கேட்டது. அப்பா அவள் இருந்த திசையில் முகத்தைத் திருப்பினார்.

"வேற எந்த இடத்துல சேர்த்திருக்கே?"

"தெரிஞ்சு சேர்த்தது இது ஒண்ணுதான்."

"தெரியாம?"

பதில் சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள். ஒவ்வொரு நாடாவும் ஒருமுறை திருப்பப்பட்டிருக்கிறது. நாற்பத்திரண்டு இடங்கள். அவற்றைத் தவிர, இருமல்கள், யாரோ கதவைச் சாத்திய நேரங்கள், குரல் தாழ்ந்த இடங்கள். அந்த இடங்களிலெல்லாம் 'கேட்கவில்லை' என்று குறித்தாளா, அல்லது வாய் பாட்டுக்கு மேலே போயிற்றா? அவர் எப்படி வாக்கியத்தை முடிப்பார் என்பது அவளுக்கு அத்தனை பழகியிருந்தது. எது அவருடைய வாக்கியம், எது தன்னுடையது என்று இப்போது நினைத்துப் பார்த்தால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"தெரியலை அப்பா" என்றாள்.

"இதைச் சொன்னியே, இது போதும். மணி என்ன?"

"மூணு நாற்பது."

"முதல்ல உன் தம்பியைக் கூப்பிடு. அப்புறம் சுவாமியை வரச் சொல்லு. முன்வரிசையில போய் உட்கார்றதுக்கு முன்னாடி அவர் இங்க வரட்டும்."

நான்கு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில், அப்பாவின் அறையில், மாமாவும் உடனிருக்க, பின்வருமாறு முடிவாயிற்று.

நூற்றுப் பதினேழாம் பக்கத்திலிருந்து ஒன்பது வரிகளும் நீக்கப்படும். அவ்விடத்தில், நாடா திருப்பப்பட்டபோது ஆசாரியரின் பதில் பதிவாகவில்லை என்றும், கேள்வி இன்னாருடையது என்றும் அச்சிடப்படும். மாமா தம் தொழிலைக் குறித்தால் போதும், பட்டப்பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அது ஏற்கப்பட்டது. அன்று மாலை கூடத்தில் அப்பாவே நின்றுகொண்டு நடந்ததைச் சொல்வார். மகள் பக்கத்தில் நிற்பாள், பேசமாட்டாள். அன்று முதல் அப்பா நாற்காலியில் அமரமாட்டார். வியாழக்கிழமைகளில் ஆசாரியரின் நாடாவே ஓடும். அப்பா மற்றவர்களோடு கீழே உட்கார்ந்து கேட்பார். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, முதல் நாடாவிலிருந்து, மூவரும் சேர்ந்து தட்டச்சுப் பிரதியோடு ஒப்பிட்டுக் கேட்கத் தொடங்குவார்கள். நாடாவில் இல்லாத வரி எது அகப்பட்டாலும் அந்த வாரமே அது கூடத்தில் சொல்லப்படும்.

தம்பி இதில் எதற்கும் சம்மதிக்கவில்லை. ஆனாலும் எட்டாவது ஃபாரத்தை நிறுத்திவிட்டான். முதல் ஏழு ஃபாரங்கள், நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள், ஏற்கெனவே அச்சாகிக் கட்டுக்கட்டாக அச்சகத்தின் பின்கட்டில் இருக்கின்றன என்பதை அவன்தான் ஃபோனில் நினைவுபடுத்தினான். அவற்றைப் பற்றி அன்று ஒன்றும் முடிவாகவில்லை.